தொண்ணூற்று நான்கு ஆட்டங்கள்

அமெரிக்க நாட்டில் ஈரி என்னும் பேரேரியின் கரையில் கிளீவ்லாந்து என்றொரு தொழில் நகரம் இருக்கிறது. அந்நகரத்துப் பேஸ்பால் குழுவுக்கு 1915 முதல் 2021 வரை இந்தியர்கள் என்பதே பெயர். பெயரைக் கேட்டதும் நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். அது நம்மைக் குறிக்கவில்லை. இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் வேறொரு நிலத்தில் போய் இறங்கி, அங்கே கண்ட மக்களுக்கு நம் பெயரைச் சூட்டிவிட்டார். சூட்டிய பெயர் ஐந்நூறு ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய தமிழ்ப் புத்தகங்கள் அவர்களைச் செவ்விந்தியர் என்று எழுதின. ஒரு மக்களைத் தோலின் நிறம் சொல்லி அழைப்பது மரியாதை அன்று. ஆகவே நான் பூர்வகுடியினர் என்றே எழுதுகிறேன்.

கிளீவ்லாந்துக் குழுவினர் அந்தப் பெயருக்கு ஒரு காரணம் சொல்லி வந்தார்கள். முன்னொரு காலத்தில் தங்கள் நகரத்துக்காக ஆடிய பூர்வகுடி வீரர் ஒருவரின் நினைவாகவே அதை வைத்துக்கொண்டார்களாம். அவ்வீரர் லூயி பிரான்சிஸ் சாக்கலெக்சிஸ். முதல்தரப் போட்டிகளில் அவர் ஆடியவை மொத்தம் 94 ஆட்டங்கள். மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 94 ஆட்டம் மட்டும் ஆடியவனை விளையாட்டு உலகம் சாதாரணமாக நினைவில் வைப்பதில்லை. இவரை மட்டும் ஏன் நூறாண்டு கடந்தும் பேசுகிறார்கள்? 1897-ஆம் ஆண்டு வசந்தத்தில் இரண்டரை மாத காலம் அவர் ஆடிய ஆட்டம் ஒரு காரணம். அவர் விழுந்தபோது அந்த வீழ்ச்சிக்கு ஊரார் கற்பித்த காரணம் மற்றொன்று. முன்னதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆசை. பின்னதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

நம்மில் பெரும்பாலோர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். எனவே இந்த விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பேஸ்பாலில் சதுரமான ஒரு திடலின் நான்கு மூலைகளிலும் நான்கு பேஸ்கள் உண்டு. பந்தை அடித்தவன் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். நான்கையும் தொட்டுத் திரும்பிவிட்டால் ஓர் ஓட்டம். ஒரே அடியில் அப்படிச் சுற்றி வந்துவிட்டால் அது ஹோம் ரன். சதுரத்துக்கு அப்பால் விசிறிபோல் விரிந்து கிடக்கும் புல்வெளியைக் காக்க மூன்றே பேர், அவர்களே அவுட்பீல்டர்கள். நம்முடைய எல்லைக்கோட்டுக் காவலர்களைப் போன்றவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஓட வேண்டும், பிடிக்க வேண்டும், பிடித்த பந்தை நெடுந்தொலைவு எறிய வேண்டும். வலப்பக்கம் நிற்பவருக்குத் தோள்வலிமை மிகுதியாக வேண்டும். மூன்றாம் பேஸ் அவருக்கு வெகுதூரம். சாக்கலெக்சிஸ் வலப்பக்கத்தில்தான் நின்றார். மட்டையாளரின் தரத்தை ஆயிரத்துக்கு இத்தனை என்று கணக்கிடுவார்கள். ஆயிரத்துக்கு முந்நூறு என்றால், பத்து வாய்ப்புகளில் மூன்றில் பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை அடைந்தார் என்று பொருள். பத்தில் ஏழு முறை தோற்பவன் சூரன் என்று போற்றப்படும் விளையாட்டு இது ஒன்றாகத்தான் இருக்கும்!

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் மெய்ன் மாநிலம். அங்கே பெனாப்ஸ்காட் என்ற ஆறு ஓடுகிறது. ஆற்றின் பெயரே அக்கரையில் தொன்றுதொட்டு வாழும் மக்களுக்கும் பெயர். ஓல்ட் டவுன் என்ற ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவே ஒரு தீவு. அதற்கு இந்தியன் தீவு என்று பெயர். ஒரு காலத்தில் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் வேட்டையாடியும் மீன் பிடித்தும் திரிந்த மக்கள், ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாகக் கையெழுத்திட்டு, கடைசியில் அந்தத் தீவிலும் அதன் சுற்றுப்புறத்துச் சிறு தீவுகளிலும் ஒடுங்கினார்கள். மரம் வெட்டுவது, வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு ஓட்டிச் செல்வது, கூடை முடைவது, இவையே பிழைப்பு. அந்தத் தீவில் 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் லூயி பிறந்தார்.

மகன் பந்து விளையாடப் போவது தந்தைக்குப் பிடிக்கவில்லை என்றும், அவர் ஒரு படகில் ஏறித் துடுப்புப் போட்டுக்கொண்டே வாஷிங்டன் நகரம் வரை சென்று, தம் மகனைத் தடுத்து நிறுத்துமாறு நாட்டின் ஜனாதிபதியையே கேட்டார் என்றும் ஒரு கதை உண்டு. பூர்வகுடித் தந்தை என்றால் படகில்தான் போக வேண்டும், பெரிய தலைவரைத்தான் கேட்க வேண்டும் என்பது கதை கட்டியவர்களின் கற்பனை. இவரைப் பற்றிய செய்திகளில் இத்தகைய சரக்கு நிறைய. உமி எது, அரிசி எது என்று புடைத்துப் பார்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது.

அரிசியாக நிற்பது இது. நல்ல உயரம், கட்டுமஸ்தான உடல். இடக்கையால் மட்டை பிடிப்பார், வலக்கையால் எறிவார். மான்போல் ஓடுவார். கோடைகால ஆட்டங்களில் இவர் திறமையைக் கண்டவர்கள் வாயிலாக, மாசசூசெட்ஸ் மாநிலத்து உஸ்டர் நகரில் ஏசு சபையார் நடத்தும் ஹோலி கிராஸ் கல்லூரியில் இவருக்கு இடம் கிடைத்தது. 1895, 1896 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அக்கல்லூரிக்காக ஆடினார். இரண்டிலும் இவருடைய சராசரி ஆயிரத்துக்கு நானூறுக்கு மேல்.

ஹோலி கிராஸில் இவர் எறிந்த ஓர் எறி இன்றும் பேசப்படுகிறது. திடலின் கோடியிலிருந்து இவர் எறிந்த பந்து சென்ற தொலைவை ஹார்வர்டு பேராசிரியர்கள் அளந்து பார்த்தார்களாம். 414 அடி இருந்ததாம். பௌதிகம் படிப்பவனுக்கு இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. 414 அடி என்பது ஏறத்தாழ 126 மீட்டர். காற்றே இல்லாத வெளியில் 45 பாகைக் கோணத்தில் எறிந்தாலும், அத்தனை தூரம் போக மணிக்கு 127 கிலோமீட்டர் வேகம் வேண்டும். காற்றின் தடையையும் சேர்த்தால் 150-ஐயும் தாண்ட வேண்டும். மனிதத் தோளால் அது ஆகுமா? ஆகும். 1957-ஆம் ஆண்டு கனடா நாட்டவரான கிளென் கோர்பஸ் 445 அடி 10 அங்குலம் எறிந்து காட்டியிருக்கிறார். உலகிலேயே மிக நீண்ட எறி அதுதான். ஆக, ஹார்வர்டுப் பேராசிரியர்கள் நாடாவைப் பிடித்தது உண்மையோ இல்லையோ, 414 அடி நம்ப முடியாத எண் அன்று. அந்த அளவுக்கு ஒருவரைப் பற்றிக் கதை கட்டத் தோன்றியதே, எறியைக் கண்ணால் பார்த்தவர்களின் வியப்புக்குச் சான்று.

1897-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் இண்டியானா மாநிலத்து நோட்ர டேம் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் இருந்தது சில வாரங்களே. மார்ச் மாதத்தில் ஒரு நாள் ஊருக்குள் குடித்துவிட்டு ரகளை செய்தார். பல்கலைக்கழகம் அவரை வெளியே அனுப்பிவிட்டது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வெளியே அனுப்பப்பட்டவரைக் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ், அதாவது சிலந்திகள் என்ற குழு, இரு கையாலும் வாரி எடுத்துக்கொண்டது. அக்காலத்து நேஷனல் லீகில் பன்னிரண்டு குழுக்கள். அவற்றுள் இது முன்வரிசையில் நின்ற ஒன்று. பிற்காலத்தில் பந்து எறிபவர்களுக்கெல்லாம் அளவுகோலாகிவிட்ட சை யங் அதில் இருந்தார். 1895, 1896 இரண்டிலும் நானூறைத் தாண்டிய ஜெஸ்ஸி பர்க்கெட் இருந்தார். பர்க்கெட் உஸ்டர் நகரத்துக்காரர். சாக்கலெக்சிஸைக் கல்லூரித் திடலிலேயே கண்டு வைத்திருந்தவர். குழுவின் தலைவர் பாட்ஸி டெபோ, கண்டிப்பும் முரட்டுத்தனமும் கலந்த மனிதர்.

இங்கே காலத்தை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1890-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் வூண்டட் நீ என்னும் இடத்தில் அமெரிக்கப் படை லகோட்டா மக்களை, பெண்கள் குழந்தைகள் என்று பாராமல், சுட்டு வீழ்த்தியிருந்தது. அது நடந்து ஏழு ஆண்டுகூட ஆகவில்லை. பூர்வகுடியினரை ஒன்று போர்க்களத்தில் பகைவராகவோ, அல்லது சர்க்கஸ் கூடாரத்தில் வேடிக்கைப் பொருளாகவோதான் பெரும்பாலான நகர மக்கள் அறிந்திருந்தார்கள். நீக்ரோ வீரர்கள் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட கறுப்பின ஆட்டக்காரர்களை உயர்தர லீகுகள் முற்றிலும் ஒதுக்கிவிட்டிருந்தன. அந்தத் தடையை ஜாக்கி ராபின்சன் உடைத்தது 1947-இல். அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1897 ஏப்ரல் 22-ஆம் நாள், லூயிவில் நகரத்தில் சாக்கலெக்சிஸ் சிலந்திகளின் சீருடையில் களம் இறங்கினார். அவருக்கு முன்பே பூர்வகுடி வழியில் வந்த ஒருவர் ஆடியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளரிடையே விவாதம் உண்டு. ஆனால் இன்ன இனத்தவர் என்று ஊரறிய, உலகறியத் திடலில் நின்றவர் இவரே முதல்வர்.

ஊரறிய நிற்பது என்றால் என்ன என்பதை அடுத்த வாரங்களில் அவர் அறிந்துகொண்டார். எந்த நகரத்துக்குப் போனாலும் அவர் மட்டையை எடுத்தவுடன் கூட்டம் வாயில் கையை அடித்துக்கொண்டு போர்க்கூச்சல் போடும். பறவை இறகுத் தலையணியும் கோடரியுமாகப் பத்திரிகைகள் அவரைப் படம் போட்டன. குலத்தலைவர் என்று பட்டம் கட்டின; அவரோ எந்தக் குலத்துக்கும் தலைவர் அல்லர். கல்லூரி வாசலை மிதித்த கத்தோலிக்க வாலிபர். மட்டையெடுத்த அந்தக் கூட்டாளிகளில் பலர் கல்லூரியின் நிழலைக்கூடக் கண்டவர்கள் அல்லர்! மேற்குச் சமவெளியில் குதிரை மீது வலம் வந்த லகோட்டாவும், கீழைக் காட்டாற்றில் படகோட்டிய பெனாப்ஸ்காட்டும் மொழியாலும் பழக்கத்தாலும் வெவ்வேறு மக்கள். கூச்சல் போட்டவர்களுக்கு அந்த வேறுபாடெல்லாம் எதற்கு? எல்லாரும் இந்தியர். விந்தியத்துக்குத் தெற்கே இருந்து வந்த அத்தனை பேரையும் மதராஸி என்ற ஒரே மூட்டையில் கட்டும் விடுதிகளில் இருந்து பழகிய நமக்கு இது விளங்காமல் போகாது.

அவர் ஆட்டத்தாலேயே பதில் சொன்னார். ஏப்ரல் கழிந்து, மே கழிந்து, ஜூன் பிறந்தது; முந்நூறுக்கு மேலேயே நின்றது அவர் கணக்கு. வலப்பக்கத்துப் புல்வெளியில் அவர் பந்தைத் தாவிப் பிடிப்பதையும், அங்கிருந்து அம்புபோல எறிவதையும் பார்க்கவே கூட்டம் வந்தது. கூச்சல் போட வந்தவர்களில் பலர் கைதட்டிவிட்டுத் திரும்பினார்கள். சிலந்திகள் என்ற பெயரைப் பத்திரிகைகள் மெல்ல மறந்து, டெபோவின் இந்தியர்கள் என்று முழுக் குழுவையும் எழுதத் தொடங்கின. ஒருவர் வந்து சேர்ந்த சில வாரத்தில் ஒரு குழுவின் பெயரே மாறிவிட்டது.

ஜூன் 16-ஆம் நாள் அவர்கள் நியூயார்க் நகரில் போலோ கிரவுண்ட்ஸ் திடலில் ஆடினார்கள். எதிரே பந்தெறிய வந்தவர் ஏமஸ் ரூசி. அக்காலத்தில் ரூசியைவிட வேகமாக எறிபவர் எவருமில்லை என்று பெயர். எறிபவருக்கும் மட்டையாளருக்கும் இடையே இருந்த தூரத்தை 1893-இல் லீக் அறுபதடி ஆறங்குலமாக நீட்டியதற்கு இவருடைய வேகமும் ஒரு காரணம் என்பார்கள். அந்த ரூசி இந்தப் புதுமுகத்தை ஒரு கை பார்க்கப்போகிறார் என்று முன்கூட்டியே பேச்சு பரவியிருந்தது. நியூயார்க் கூட்டம் வழக்கம்போல் ஊளையிட்டது. முதல் இன்னிங்ஸிலேயே சாக்கலெக்சிஸ் ரூசியின் பந்தை வலப்புறமாக விளாசி ஹோம் ரன் அடித்தார். முதல் பந்திலேயே அடித்தார் என்று சொல்பவர்களும் உண்டு. எத்தனையாவது பந்தாக இருந்தால் என்ன? ஊளையிட்டுக்கொண்டிருந்த வாய்கள் அடைத்துப்போன அந்தச் சில வினாடிகளை எண்ணிப் பார்க்கையில், நூற்றாண்டு கடந்து உட்கார்ந்திருக்கும் எனக்கே மெய் சிலிர்க்கிறது.

அதற்குப் பிறகு மூன்று வாரம்கூட நிலைக்கவில்லை.

ஜூலைத் தொடக்கத்தில், அமெரிக்கச் சுதந்திர நாள் கொண்டாட்டத்தையொட்டி, அவர் நன்றாகக் குடித்தார். ஒரு கட்டடத்தின் மாடி ஜன்னலிலிருந்து குதித்தார் என்பது பரவலான கதை. கதை எப்படியிருந்தாலும் கணுக்கால் கெட்டது உண்மை. மான்போல் ஓடியவர் நொண்டினார். காயம் ஆறுமுன் களத்துக்கு வந்தார், பந்துகளைத் தவறவிட்டார். வலிக்குக் குடித்தாரோ, வெறுமைக்குக் குடித்தாரோ, குடி மட்டும் நிற்கவில்லை. ஆண்டு முடிவில் பார்த்தால் 66 ஆட்டங்கள், சராசரி 338. புதிதாக வந்த ஒருவருக்கு அது அருமையான கணக்கு. ஆனால் அதில் ஏறக்குறைய அனைத்தும் ஜூலைக்கு முந்தியவை.

இனி, நான் சொல்லாமல் இருக்க ஒப்பாதது என்று முதலில் குறிப்பிட்டேனே, அதற்கு வருகிறேன். ஹ்யூயி ஜென்னிங்ஸ் என்பவர் அக்காலத்தில் எதிர்க்குழுவில் ஆடிய பெரும் வீரர். பல ஆண்டுகள் கழித்துத் தம் நினைவுகளை எழுதியபோது, சாக்கலெக்சிஸைப் போன்ற பிறவித் திறமை படைத்தவர் எவரும் இல்லை என்ற கருத்தில் அவரை வானளாவப் புகழ்ந்தார். அத்துடன் ஒரு கதையும் சொன்னார். சிக்காகோவில் ஓர் ஆட்டத்தை இவர் தம் அடியாலும் பிடியாலும் வென்று கொடுத்தாராம். அன்றிரவு தோழர்கள் மகிழ்ச்சியில் இவர் கையில் ஒரு கிண்ணத்தைத் திணித்தார்களாம். வாழ்நாளில் அதுவரை மதுவைத் தொடாத அந்தக் காட்டு மனிதன் முதல் மிடறிலேயே அடிமையாகிவிட்டானாம். அழகான கதை. ஆதாம் ஏவாள் கதையைப்போல் நெஞ்சில் ஒட்டிக்கொள்கிறது. நெடுங்காலம் இதையே உண்மையென்று எல்லாரும் எழுதினார்கள்.

ஆனால் நோட்ர டேம் செய்தியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். சிலந்திகளின் சீருடையை அணியும் முன்பே, மார்ச் மாதத்திலேயே, குடித்ததற்காக அவர் வெளியேற்றப்பட்டிருக்கிறார். பின் ஜூன் ஜூலையில் முதல் மிடறு எங்கிருந்து வந்தது? தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே கதை உதிர்ந்துவிடுகிறது. ஜென்னிங்ஸ் கெட்ட எண்ணத்துடன் புனைந்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் அனுதாபத்தோடுதான் எழுதினார். அந்த அனுதாபத்துக்குள்ளேயே ஒரு நஞ்சு இருக்கிறது. அந்த இனத்தின் இரத்தத்தில் மதுவைத் தாங்கும் சக்தி இல்லை, ஒரு துளி பட்டாலே அழிந்துவிடுவார்கள், ஆகவே இது விதி, யாரும் என்ன செய்ய முடியும் என்பதே அதன் உட்பொருள். அந்நாளைய பத்திரிகைகள் இதைவிட வெளிப்படையாகவே எழுதின. இனத்தின் குறை வெளிவந்துவிட்டது என்று அவை தீர்ப்புச் சொல்லி முடித்தன.

நம் போன்றோர் சோதனைச்சாலையில் ஒரு பொருளின் விளைவை அறிய விரும்பினால், அப்பொருள் இல்லாத மற்றொரு குடுவையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அதுபோல் அதே விளையாட்டில், அதே காலத்தில், பூர்வகுடியைச் சேராத ஒருவரைப் பார்ப்போம். எட் டெலஹாண்டி கிளீவ்லாந்தில் பிறந்தவர், ஐரிஷ் குடியேறிகளின் மகன், இவரும் அவுட்பீல்டரே. பேஸ்பால் வரலாற்றின் தலைசிறந்த மட்டையாளர்களுள் ஒருவர். 1903 ஜூலை 2-ஆம் நாள் இரவு, குடித்துவிட்டு ரயில் வண்டியில் கலாட்டா செய்ததற்காக நயாகரா ஆற்றுப் பாலத்தருகே இறக்கிவிடப்பட்டார். இருட்டில் பாலத்தில் நடந்தவர் ஆற்றில் விழுந்தார். சில நாள் கழித்து அருவிக்குக் கீழே உடல் கிடைத்தது. 1945-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது, தகுதியோடுதான் ஏறியது. அவர் முடிவை விளையாட்டு நூல்கள் ஒரு தனி மனிதனின் துயரமாக எழுதுகின்றன. அவருடைய கடன், கவலை, மனக்குழப்பம் எல்லாவற்றையும் ஆராய்கின்றன. அந்தக் காலத்து ஆட்டக்காரர்களில் குடியால் அழிந்தவர்களை எண்ணிச் சொன்னால் இந்த மலரில் இடம் போதாது. அவர்களுக்கெல்லாம் தனித்தனிக் காரணங்கள் இருந்தன. சாக்கலெக்சிஸ் ஒருவருக்கு மட்டும் காரணமே தேட வேண்டியிருக்கவில்லை. பிறப்பே காரணமாகப் போதுமானதாக இருந்தது.

நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கூடி ஊளையிடும் இடத்தில், தன் இனத்தார் வேறு ஒருவர்கூட இல்லாத இடத்தில், இருபத்தைந்து வயது வாலிபர் ஒருவர் மாலையானதும் தனியே விடுதியறைக்குத் திரும்புகிறார் என்பதை யாரும் ஒரு காரணமாகக் கருதியதாகத் தெரியவில்லை. குடி அவருடைய குற்றம் அன்று என்று வாதாட நான் வரவில்லை. குடித்தது அவர்தான். ஆனால் அந்தக் குற்றத்துக்கான முழு உரிமையும் அவருக்கே சேர வேண்டும். அவருடைய பாட்டன் முப்பாட்டனுக்கும், தீவில் கூடை முடைந்துகொண்டிருந்த கிழவிக்கும் அதில் பங்கு இல்லை.

மீதி ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1898-இல் 21 ஆட்டங்கள், சராசரி 224. 1899-இல் குழுவின் உரிமையாளர்களான ராபிசன் சகோதரர்கள் ஒரு விசித்திரம் செய்தார்கள். செயின்ட் லூயிஸ் நகரத்துக் குழுவையும் வாங்கிக்கொண்டு, சை யங், பர்க்கெட், டெபோ என்று நல்லவர்களையெல்லாம் அங்கே அனுப்பிவிட்டார்கள். கிளீவ்லாந்தில் எஞ்சியது சக்கை. அந்தச் சக்கையோடு சாக்கலெக்சிஸும் விடப்பட்டார். ஏழு ஆட்டங்கள் ஆடினார். மே மாதத்தில், ஆடுகளத்திலேயே தடுமாறி விழுந்தவரைக் குழு விலக்கிவிட்டது. அவரை விலக்கியதால் குழு பிழைத்ததா என்றால், அதுவும் இல்லை. அந்த ஆண்டு சிலந்திகள் 20 ஆட்டங்களில் வென்று 134-இல் தோற்றார்கள். அவ்வளவு மோசமாக ஆடிய முதல்தரக் குழு இன்றுவரை வேறில்லை. ஆண்டு முடிவில் லீக் குழுவையே கலைத்துவிட்டது. 94 ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தால் சாக்கலெக்சிஸின் மொத்தச் சராசரி 313. ஹோம் ரன் மூன்று.

பின்பு சிறு லீகுகளில், சிறு ஊர்களில் ஆடிப் பார்த்தார். 1900-ஆம் ஆண்டில் ஹோலியோக் என்ற ஊரில், வேலையற்றுத் திரிந்த குற்றத்துக்காகச் சிறையில் வைக்கப்பட்டார். மூன்றே ஆண்டுகளுக்கு முன் நியூயார்க்கை வாயடைக்கச் செய்த மனிதர்! 1902-இல் லோவெல் நகரத்துக்காக ஒரு பருவம் ஆடினார். அதன்பின் தீவுக்கே திரும்பினார்.

அவர் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வரியில் கடந்துவிடும் இந்தக் கடைசிப் பகுதிதான். ஓல்ட் டவுனுக்கும் தீவுக்கும் நடுவே அப்போது பாலம் கிடையாது. போக வேண்டியவர்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பது அவருடைய வேலைகளுள் ஒன்று. ஊர் ஆட்டங்களில் நடுவராக நின்றார். தீவுச் சிறுவர்களைக் கூட்டி வைத்துப் பந்து பிடிக்கவும் அடிக்கவும் கற்றுக்கொடுத்தார். குளிர்காலத்தில் காட்டுக்குப் போய் மரம் வெட்டினார். பெருமை பேசிக் கேட்டவர்களும் இல்லை, ஊரைக் குறை கூறித் திரிந்ததாகவும் இல்லை. அவருடைய உறவினரான ஆண்ட்ரூ சாக்கலெக்சிஸ் என்ற இளைஞர் அந்தத் தீவிலேயே ஓடிப் பழகி, 1912-இலும் 1913-இலும் பாஸ்டன் மாரத்தானில் இரண்டாவதாக வந்தார்; 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நான்காவதாக ஓடி முடித்தார். இத்தனைக்கும் ஆண்ட்ரூ அமெரிக்காவின் சார்பில் ஓடியபோது பூர்வகுடியினர் அனைவருக்கும் அந்நாட்டுக் குடியுரிமை இல்லை. அச்சட்டம் வந்தது 1924-இல். மெய்ன் மாநிலத்துப் பூர்வகுடியினர் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்க 1954 வரை காத்திருந்தார்கள்.

1913 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள். பர்லிங்டன் என்ற சிற்றூரை ஒட்டிய காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் லூயி மாரடைப்பால் சாய்ந்தார். வயது 42. சட்டைப் பைக்குள் 1897-ஆம் ஆண்டுப் பத்திரிகைத் துணுக்குகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன என்பார்கள். உமியா அரிசியா என்று இந்த ஒன்றை மட்டும் நான் புடைத்துப் பார்க்க விரும்பவில்லை.

அவர் இறந்து ஓராண்டு கழிந்ததும் கிளீவ்லாந்தில் ஒரு பெயர்ப் பிரச்சினை எழுந்தது. இது பழைய சிலந்திகள் அன்று. அமெரிக்கன் லீகைச் சேர்ந்த வேறொரு குழு. நாப் லஜ்வே என்ற தங்கள் நட்சத்திர வீரரின் பெயரால் நாப்ஸ் என்று அழைக்கப்பட்டு வந்தது. அவர் வேறு குழுவுக்குப் போய்விடவே, புதுப்பெயர் தேட வேண்டியதாயிற்று. 1915 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் கூடி இந்தியர்கள் என்று தேர்ந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டில்தான் பாஸ்டன் பிரேவ்ஸ் என்ற குழு, அதுவும் பூர்வகுடிப் பெயர் தாங்கியது, கடைசி இடத்திலிருந்து எழுந்து உலகப் போட்டியையே வென்றிருந்தது. அந்த அதிர்ஷ்டத்தில் தங்களுக்கும் பங்கு கிடைக்கும் என்ற ஆசையும், தலைப்பு எழுத வசதியான சொல் என்ற எண்ணமுமே பெரும்பாலும் காரணம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. பெயர் வைத்த நாட்களில் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று சாக்கலெக்சிஸை நினைவுகூர்ந்தது உண்மை. அவ்வளவே. மரியாதைக்காகவே வைத்த பெயர் என்ற விளக்கம், பெயருக்கு எதிர்ப்பு எழுந்த பிற்காலத்தில்தான் உரக்க ஒலித்தது.

அந்த மரியாதையின் இலட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். 1947 முதல் அக்குழு தன் சின்னமாக வைத்துக்கொண்டது, இறகு செருகி, இரத்தச் சிவப்பாய், பல்லெல்லாம் தெரிய இளிக்கும் ஒரு கேலிப்படம். ஒருவருடைய நினைவைப் போற்றுகிறோம் என்று சொல்லி, 1897-இல் அவரைக் கேலி செய்த அதே பத்திரிகைப் படத்தை எழுபது ஆண்டு தொப்பியில் தைத்துக்கொண்டார்கள்! பெனாப்ஸ்காட் மக்களே அதை நீக்குமாறு கேட்டார்கள். 2018-ஆம் ஆண்டுப் போட்டிகளுக்குப் பின் சீருடையிலிருந்து படம் எடுக்கப்பட்டது. 2020-இல் பெயரையும் விடுவதாக அறிவித்து, 2022 முதல் கார்டியன்ஸ், அதாவது காவலர்கள், என்ற பெயரில் ஆடத் தொடங்கினார்கள். நகரத்துப் பாலம் ஒன்றில் நிற்கும் கற்சிலைகளின் பெயர் அது.

தீவில் லூயியின் கல்லறை இருக்கிறது. பிற்காலத்தில் அங்கே நட்ட கல்லில் இரண்டு பேஸ்பால் மட்டைகளைக் குறுக்காகச் செதுக்கி, கூடவே ஒரு பந்தையும் செதுக்கியிருக்கிறார்கள். இறகு ஏதும் இல்லை.